பழைய காருக்கு 45 ஆம்பியர் போதும்

திருவனந்தபுரத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். அந்த மாதங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் கேசவதாசபுரத்திலிருந்து பட்டம், பாளையம் வழியாகக் கிழக்கேகோட்டைக்குக் கார் ஓட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்று. அந்த வழியில் 1960களில் செய்த ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு போவதாக வைத்துக்கொண்டு, அதன் மின்சாரச் செலவை மட்டும் கணக்குப் பார்ப்போம்.

முன்விளக்கில் 60 வாட் ஹாலோஜன் பல்பு இரண்டு. 13 வோல்ட்டில் 9 ஆம்பியர். பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் சேர்ந்து 2. இக்னிஷன் காயிலுக்கு 3. வைப்பருக்கு 3. கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க புளோயர் ஓடினால் 5. நெரிசலில் எஞ்சின் கொதிக்காமல் இருக்கப் பின்னாளில் யாரோ மாட்டிய எலக்ட்ரிக் ஃபேனுக்கு 9. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நின்றால் பிரேக் விளக்குக்கு இன்னொரு 3. மொத்தம் 34 ஆம்பியர்.

வரவைப் பாருங்கள். அக்காலத்து பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ, நல்ல நிலையில், எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது தருவது அதிகபட்சம் 22 ஆம்பியர். எஞ்சின் ஐட்லிங்கில் நிற்கும்போது தருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. முழுச் சுமையும் பேட்டரியின் தலையில் விழுகிறது. 35 ஆம்பியர்-மணி என்று பேட்டரியின்மேல் எழுதியிருக்கும். அது இருபது மணி நேரத்தில் மெதுவாகக் கறந்தால் கிடைக்கிற அளவு. 34 ஆம்பியர் வீதம் உறிஞ்சினால் அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. முதலில் விளக்கு மங்கும், பிறகு வைப்பர் தயங்கும், கடைசியில் கொட்டும் மழையில் வண்டி நிற்கும்.

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனால் தீர்ப்பு அரை நிமிடத்தில் வரும். இந்த ஊரில் தொழில் செய்யும் நாகர்கோவில் பக்கத்துக்காரராக இருந்தால், "சார்ஜ் நிக்கல அண்ணாச்சி. டைனமோவ கழத்திட்டு மாருதி ஆல்டர்னேட்டர் ஒண்ணு போட்டுருவோமா?" என்பார். கேள்வி நியாயமானது. அதற்கு "சரி" என்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான் நிறைய இருக்கிறது.

பழைய கார்மீது இந்த நகரத்துக்குத் தனிப் பிரியம் உண்டு. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவராக இருந்து 2013இல் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவையும் அவருடைய மெர்சிடிஸ் பென்ஸ் 180 காரையும் பிரித்துப் பேச இங்கே யாராலும் முடியாது. 1950களில் வாங்கிய அந்தக் காரை அவர் கடைசிவரை விற்கவேயில்லை. ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் நாட்டில் எப்போதுமே அரிது. ஆனால் அவற்றில் ஒன்றுக்குச் சென்னையில் நெருங்கிய சொந்தம் இருந்தது. 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், டிரயம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கி, அதன்மேல் கட்டியது. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கலோட்டி. அந்த ஹெரால்டுதான் 1961 முதல் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் உருவானது. இங்கே 948 சி.சி., அங்கே 1,147 சி.சி. என்றாலும் எஞ்சின் ஒரே குடும்பம். இரண்டிலும் லூகாஸ் டைனமோதான். அதே 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை, சென்னை பாடியில் ஒரு பஸ் நிறுத்தத்துக்கே பெயர் கொடுக்கிற அளவுக்கு ஊரோடு கலந்துவிட்டது. ஆகவே இது எங்கோ வெளிநாட்டுப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு விவகாரம் இல்லை. ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர் வைத்திருந்த எந்த வீட்டுக்கும் தெரிந்த தொல்லைதான்.

டைனமோ ஏன் ஐட்லிங்கில் கைவிடுகிறது? ஒரு டைனமோவைத் திறந்து பார்த்தால் பதில் கையிலேயே கிடைக்கும். நீண்ட உருளை. உள்பக்கச் சுவரில் அசையாத இரண்டு காந்தச் சுருள்கள். நடுவில் சுற்றுவது ஆர்மேச்சர். மின்சாரம் பிறக்கும் தடித்த செம்புச் சுருள் முழுக்க அதன்மேல்தான். அதன் பின்முனையில் செம்புப் பட்டைகளை வரிசையாக அடுக்கிய கம்யூட்டேட்டர். பட்டைகளுக்கு நடுவே மெல்லிய மைகா. அதன்மேல் இரண்டு கார்பன் பிரஷ்கள் உரசுகின்றன. ஓடி ஓடிச் செம்பு தேய்ந்து, மைகா மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், பிரஷ் துள்ளும், தீப்பொறி பறக்கும். பழைய மெக்கானிக்குகள் ஹாக்ஸா பிளேடு ஒன்றை அளவாகத் தேய்த்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடுக்காக அந்த மைகாவைக் கீறி இறக்குவார்கள். பொறுமையும் கண்பார்வையும் கேட்கிற அந்த வேலையைச் செய்ய இன்று ஆள் கிடைப்பது கஷ்டம்.

அறிவியல் கொஞ்சம் வியப்பான இடத்துக்கு வருகிறது. டைனமோவின் ஆர்மேச்சரில் பிறப்பதும் மாறுதிசை மின்சாரம்தான். காந்தத்துக்கு நடுவே சுற்றும் எந்தச் சுருளிலும் அப்படித்தான் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த தூண்டல் விதி அது. அடுத்த ஆண்டே பாரிஸில் இப்போலித் பிக்சி கையால் சுற்றும் மின்னாக்கி ஒன்றைச் செய்தார். அதில் மின்சாரம் அரைச் சுற்றுக்கு ஒருமுறை திசை மாறியது. அந்தக் காலத்தில் அதனால் யாருக்கும் உபயோகம் தெரியவில்லை. ஆம்பியர் சொன்ன யோசனைப்படி, சுருள் திரும்பும் அதே கணத்தில் இணைப்பையும் திருப்பிவிடும் கம்யூட்டேட்டரை அவர் சேர்த்தார். டைனமோவின் கம்யூட்டேட்டர் அதன் நேர்வாரிசு. திசையைத் திருத்துகிற வேலையைச் செம்பும் கார்பனும் உரசி உரசிச் செய்கின்றன. டைனமோ தரும் 22 ஆம்பியரும் அந்த உரசும் புள்ளி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

வேகத்துக்கும் இந்த அமைப்பே தடை. தடித்த செம்பைச் சுமந்து சுற்றும் ஆர்மேச்சரை அளவுக்கு மீறிச் சுழற்றினால் சுருள் பிய்ந்து பறக்கும். அதனால் பெரிய புல்லி போட்டு, எஞ்சினைப்போல ஒன்றே முக்கால் மடங்கு வேகத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஐட்லிங் 700 சுற்று என்றால் டைனமோவுக்குக் கிடைப்பது 1,225. சி40 சார்ஜ் செய்யத் தொடங்குவதே சுமார் 1,400 சுற்றில்.

ஆல்டர்னேட்டர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. கனத்த மின்சாரம் பிறக்கும் சுருள் அசையாமல் வெளிச்சுற்றில், ஸ்டேட்டராக, உட்கார்ந்துவிட்டது. சுற்றுவது காந்தம் மட்டும். அந்த ரோட்டருக்குத் தேவை மூன்று ஆம்பியர் அளவு மின்சாரம். வழவழப்பான இரண்டு ஸ்லிப் ரிங்குகள் வழியாக அது போகிறது. உரசும் இடத்தில் 22 ஆம்பியர் எங்கே, 3 ஆம்பியர் எங்கே! ரோட்டர் உறுதியானது என்பதால் நிமிடத்துக்கு 15,000 சுற்றுவரை தாங்கும். சிறிய புல்லி போட்டு, எஞ்சினைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம். ஐட்லிங்கிலேயே சார்ஜ் ஏறும்.

மூன்று கட்டமாகப் பிறக்கும் மாறுதிசை மின்சாரத்தை ஒருதிசையாக்குவது ஆறு சிலிக்கான் டையோடுகள். உரசலும் தீப்பொறியும் கிடையாது. பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பி ஓடாமல் தடுப்பதும் அதே டையோடுகள்தான், ஆகவே டைனமோவோடு கண்ட்ரோல் பாக்ஸில் வந்த கட்-அவுட்டுக்கு வேலையில்லை. வேகம் கூடக்கூட ஸ்டேட்டர் சுருளின் மின்மறுப்பும் கூடுவதால், மின்னோட்டம் ஓர் எல்லைக்கு மேல் தானாகவே ஏறாது. ஆக, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தவும் தனிக் கருவி வேண்டாம். தத்துவம் 19ஆம் நூற்றாண்டிலேயே தயார். மலிவான, சூடு தாங்கும் சிலிக்கான் டையோடுக்காகத்தான் கார் உலகம் காத்திருந்தது. 1960 மாடல் கிரைஸ்லர் வேலியண்ட்தான் இதை எல்லா வண்டியிலும் பொருத்தி விற்ற முதல் வெகுஜனக் கார். எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் 1962இல் டைனமோவோடு வந்தது. 1967 கடைசியில் அதன் இரண்டாவது பதிப்பில் கம்பெனியே ஆல்டர்னேட்டருக்கு மாறிக்கொண்டது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. பழைய காரில் ஆல்டர்னேட்டர் போடுவது அதன் கற்பைக் கெடுப்பது என்று சிலர் பேசுவார்கள். அதே காரைச் செய்தவர்கள் ஐந்தே வருடத்தில் செய்த மாற்றம் அது.

சரி, எதைப் பொருத்துவது? கடையில் 90 ஆம்பியர், 120 ஆம்பியர் என்று இன்றைய கார்களின் ஆல்டர்னேட்டர் அடுக்கி வைத்திருப்பார்கள். பெரிதாகப் போட்டால் நல்லது என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். ஆல்டர்னேட்டர்மேல் எழுதியிருக்கும் அந்த எண், ஆல்டர்னேட்டர் 6,000 சுற்றில் ஓடும்போது தருகிற அளவு. சில கம்பெனிகளின் பட்டையில் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்தான் 1,500 அல்லது 1,800 சுற்றில், அதாவது ஐட்லிங்கை ஒட்டிய வேகத்தில், கிடைப்பது. சிக்னலில் நிற்கும் வண்டிக்கு முக்கியம் அந்த முதல் எண். நமக்கு வேண்டியது 34. நல்ல 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஓட்டத்தில் அதை ஈடுகட்டி மீதியைப் பேட்டரியில் ஏற்றும்; நிற்கும்போது பாதிச் சுமையையாவது ஏற்றுக்கொள்ளும்.

பெரிதாகப் போட்டால் என்ன ஆகும்? 45 ஆம்பியர், 14 வோல்ட் என்றால் 630 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் 55 சதவீதம் என்று வைத்தால் எஞ்சினிடமிருந்து அது பறிப்பது ஒன்றரைக் குதிரைத்திறன். 90 ஆம்பியர் முழுதாக ஓடினால் மூன்று. முதல் ஸ்பிட்ஃபயரின் எஞ்சினுக்கு இருந்ததே 63 குதிரைத்திறன். அந்த மூன்றையும் ஒற்றை ஃபேன் பெல்ட் கடத்தியாக வேண்டும். வாட்டர் பம்பைச் சுழற்றுவதும் அதே பெல்ட்தான். பெல்ட் வழுக்கினால் சார்ஜும் போகும், எஞ்சினும் சூடேறும்.

அடுத்தது ஒயர். கம்பியில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 22 ஆம்பியருக்காகப் போட்ட ஒயரில் 45 போனால் சூடு நான்கு மடங்கு. 60 போனால் ஏழு மடங்குக்கு மேல். ஒற்றையடிப் பாதையில் லாரியை விட்ட கதைதான். ஆல்டர்னேட்டர் தன் உச்சத்தை எப்போதும் தள்ளிக்கொண்டிருக்காது, வண்டி கேட்பதை மட்டுமே கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் பேட்டரி இறங்கி, தள்ளி ஸ்டார்ட் செய்த அந்த முதல் பத்து நிமிடம் அது கேட்பது கொஞ்சமாக இருக்காது. டேஷ்போர்டுக்குப் பின்னால் 30 ஆம்பியர் மீட்டர் வழியாகச் சுற்றிவரும் பழைய ஒயரை நம்பினால் புகை வருவது நிச்சயம். ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் சோலனாய்டின் பேட்டரி முனைக்கு, 10 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத தனி ஒயர் நேராகப் போக வேண்டும். நடுவில் தகுந்த ஃபியூஸ் வேண்டும். ஆம்மீட்டர் இருந்த இடத்தில் வோல்ட்மீட்டர் போட்டுக்கொள்ளலாம். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடல் காற்று அடிக்கிற இந்த ஊரில் அதன் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், எவ்வளவு நல்ல ஆல்டர்னேட்டரும் வீண்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது எர்த் எந்தப் பக்கம் என்பது. 1967 வாக்கில் மாறும் வரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் பலவற்றில் பேட்டரியின் பாசிடிவ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. இன்றைய ஆல்டர்னேட்டர் எல்லாம் நெகட்டிவ் எர்த். பாசிடிவ் எர்த் வண்டியில் அப்படியே மாட்டினால், மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய ஆறு டையோடுகளும் அதற்கு வழிவிட்டு நிற்கும். பேட்டரியின் முழுச் சக்தியும் அவற்றின் வழியாகப் பாய, கண்மூடித் திறப்பதற்குள் அவை எரிந்துபோகும். ஆகவே முதலில் வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும்: பேட்டரியைத் திருப்பி, இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு ஒயர்களை இடம்மாற்றி, ரேடியோ இருந்தால் கழற்றி, எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் எந்த வகை என்று பார்த்து. இதில் அவசரம் கூடாது.

உடல் பொருத்தத்துக்கு லேத் பட்டறைதான் கதி. டைனமோ நீளம், ஆல்டர்னேட்டர் குட்டை. முன்காது பொருந்தினால் பின்காது எட்டாது. இடைவெளிக்குச் சரியான நீளத்தில் புஷ் கடைந்து போட வேண்டும். வாஷர்களை அடுக்கிச் சரிக்கட்டினால் எஞ்சின் அதிர்வில் காது விரிந்து உடையும். மூன்று புல்லிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் ஓரம் தேயும். புதிய மாடல் ஆல்டர்னேட்டர்களில் பல வரி கொண்ட தட்டைப் பெல்ட்டுக்கான புல்லி இருக்கும். பழைய வி-பெல்ட்டுக்கு அது ஆகாது. மாற்றுப் புல்லி வாங்கும்போது ஷாஃப்ட்டை அளந்துகொள்ளுங்கள், 15, 17 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவும் புழக்கத்தில் உண்டு.

சுற்றும் திசை இன்னொரு நுட்பம். மின்சாரத்தைப் பொறுத்தவரை எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான், டையோடு அதைத் திருத்திவிடும். ஆனால் குளிர்விக்கும் விசிறியின் இலைகள் சாய்வாக இருந்தால் எதிர்த்திசையில் காற்று குறையும். ஹோண்டாவின் பழைய எஞ்சின்கள் பலவும், இங்கே விற்ற முதல் ஹோண்டா சிட்டியின் எஞ்சின் உட்பட, மற்ற கார்களுக்கு நேர்மாறாகச் சுற்றுபவை. அவற்றின் ஆல்டர்னேட்டர் மலிவாகக் கிடைத்தாலும் விசிறியைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. எம்.ஜி. டி.சி., முதல் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் போன்றவற்றில் எஞ்சின் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் கேபிள், டைனமோவின் பின்முனையிலிருந்து ஓடுகிறது. டைனமோவைக் கழற்றினால் டாக்கோமீட்டர் முள் செத்துவிடும். இத்தகைய கார்களுக்கென்றே, டைனமோவின் உருளை உடலுக்குள் ஆல்டர்னேட்டரை அடக்கி, பின்னால் கேபிளுக்கும் இடம் விட்டு வெளிநாட்டில் செய்து விற்கிறார்கள். விலை அதிகம். ஆனால் பானெட்டைத் திறந்தால் பழைய முகம் அப்படியே இருக்கும்.

எல்லாம் மாட்டியபின் சார்ஜ் வரவில்லை என்றால் உடனே ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லாதீர்கள். டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு எச்சரிக்கை விளக்கைப் பாருங்கள். அதன் 2.2 வாட் பல்பு வழியாகப் போகும் சுமார் 0.2 ஆம்பியர்தான் ரோட்டரின் காந்தத்தை முதலில் எழுப்புகிறது. அந்தச் சின்னப் பல்பு ஃபியூஸ் போயிருந்தால் ஆல்டர்னேட்டர் தூங்கும். ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்த பிறகே விழிக்கும். பல்பு சரியாக இருந்தால், எஞ்சின் நிற்கும்போது பேட்டரி முனையில் 12.6 வோல்ட், ஓடும்போது எல்லா விளக்கையும் போட்டு 13.8க்கும் 14.4க்கும் நடுவே. மல்டிமீட்டரில் இந்த எண்ணைப் பார்த்த பிறகு எலக்ட்ரீஷியனுக்குப் பணம் கொடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாகத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். 2021 ஜூலையில் வந்த மத்திய விதி, 50 ஆண்டு கடந்த வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதியவும், 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட நம்பர் பெறவும் வழிசெய்கிறது. அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது. ஆல்டர்னேட்டரைப் பெயர் சொல்லி அந்த விதி எதுவும் பேசவில்லை. என் கருத்தில், ஒரு போல்ட் ஓட்டைகூடப் புதிதாகப் போடாமல், ஒரு நாளில் பழையபடி திருப்பிவிடக்கூடிய மாற்றம் மட்டுமே நல்ல மாற்றம். பாடியை வெட்டாதீர்கள், எஞ்சின் பிளாக்கில் துளையிடாதீர்கள்.

கழற்றிய டைனமோவைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கண்ட்ரோல் பாக்ஸ், பழைய பிராக்கெட், புல்லி, போல்ட் எல்லாவற்றையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, எந்த வண்டி, எந்த வருடத்து மாடல், எந்தத் தேதியில் கழற்றியது, எந்த ஒயர் எங்கே இருந்தது என்று ஒரு அட்டையில் எழுதி, கூடவே ஒரு பெட்டியில் வையுங்கள். காரை விற்கும் நாள் வந்தால் அந்தப் பெட்டியையும் சேர்த்துக் கொடுங்கள்.